நோய் தீர்க்கும் இடத்தில் நோய் வரலாமா?

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த அவையில், செவிலியர் சார்பில் ஆற்றிய உரை)

 

கிராம முன்னேற்றம் பற்றிய கூட்டங்களில் சாலை, ஏரி, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "எங்கள் ஊருக்கு ஒரு சுகாதார நிலையம் வேண்டும், டாக்டர் வேண்டும், படுக்கைகள் வேண்டும்" என்ற கோரிக்கையோடு அது முடிந்துவிடும். கோரிக்கை நியாயமானதே. ஆனால், ஆஸ்பத்திரி வந்த பிறகு அதன் உள்ளே என்ன நடக்க வேண்டும், எது நடக்கக் கூடாது என்பதையும் நாம் அறிந்திருத்தல் அவசியம். ஒரு நோயைத் தீர்த்துக்கொள்ளச் சென்றவர் வேறொரு நோயைப் பெற்றுக்கொண்டு திரும்பாமல் காப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும். இதில் செவிலியரின் கடமை யாது, பஞ்சாயத்தின் கடமை யாது, நோயாளியின் குடும்பத்தார் செய்ய வேண்டியது யாது என்பவற்றை ஒவ்வொன்றாகக் கூற விரும்புகிறோம்.

ஓர் உழவர் குடும்பம் பட்ட துன்பம்

பல ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து உழவர் ஒருவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தனர். வண்டியிலிருந்து விழுந்ததில் அவருடைய கால் எலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை நன்கு நடைபெற்றது. பத்து நாட்களில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கூறினார். எட்டாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தபொழுது புண்ணில் சீழ் கோத்திருந்தது. பத்து நாள் எனக் கணக்கிட்டது இரண்டு மாதமாயிற்று. அந்த ஆண்டு அவர் மானாவாரியில் போட்டிருந்த மணிலா, நாம் மல்லாட்டை என்று சொல்லும் அந்தப் பயிர், உரிய காலத்தில் பிடுங்க ஆளின்றி மழையில் அகப்பட்டு மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. கறவை மாட்டையும் விற்றார்கள். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் கால் முன்போல் மடங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி எது என்பது இங்கே முக்கியமன்று. அந்த வார்டில் அப்பொழுது நாங்களும் பணி செய்துகொண்டிருந்தோம் என்பதை மறைக்காமல் கூறுகிறோம். ஒரு படுக்கையில் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டு, அதே கையோடு அடுத்த படுக்கைக்குச் செல்வதை அன்று நாங்கள் பெரிய தவறாக எண்ணவில்லை. நோயாளிகள் பலர், செவிலியர் சிலர், குழாயில் தண்ணீர் வருவது சில நேரம் மட்டுமே. அந்த உழவரின் புண்ணுக்குக் கிருமியைக் கொண்டுசென்றது எவருடைய கை என்று எவராலும் சொல்ல முடியவில்லை. எவராலும் சொல்ல முடியாது என்பதே இத்தொற்றின் கொடுமையாகும். அதனால்தான் எல்லோருடைய கையும், எல்லா நேரத்திலும், ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்கிறோம்.

இதன் அளவு எவ்வளவு?

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்பொழுது அவரிடம் இல்லாமல், வந்து இரண்டு நாட்களுக்குப் பின் தோன்றும் தொற்றைப் பொதுவாக ஆஸ்பத்திரித் தொற்று எனக் கணக்கிடுகிறார்கள். அறுவைச் சிகிச்சைப் புண்ணாயின், வீடு திரும்பிய பின்னும் முப்பது நாள் வரை தோன்றும் தொற்று இதில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, செல்வ நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 100 பேரில் 15 பேருக்கும் இவ்வகைத் தொற்று ஒன்றாவது ஏற்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கின்றார். கைச் சுத்தமும் செலவு குறைந்த பிற முறைகளும் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டால் இத்தொற்றுகளில் 70 சதவீதம் வரை தடுக்க முடியும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.

இத்தொற்றை உண்டாக்கும் கிருமிகள் பலவும் மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் நாள்தோறும் பலவகை மருந்துகள் பயன்படுவதால், அவற்றைத் தாங்கிப் பிழைத்த கிருமிகளே அங்கே தங்குகின்றன. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி அதற்கு அடங்காமல் போவதை வயலில் கண்டிருக்கிறீர்கள், இதுவும் அத்தகையதே. எனவே, வந்தபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் வருமுன் காப்பதே அறிவுடைமை.

உழவர் அறிந்த உண்மையே

வருமுன் காத்தல் உழவருக்குப் புதிதன்று. திண்டிவனத்திலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. 7 போன்ற மணிலா ரகங்களை நீங்கள் அறிவீர்கள். விதைக்குமுன் ஒரு கிலோ விதைப் பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யுமாறு வேளாண்மைத் துறையினர் கூறுகின்றனர். வேர் அழுகிய பின் செய்யும் செலவைவிட இது மிகச் சிறிது.

கறவை மாட்டையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மாட்டுக்கு மடிநோய் கண்டால், விவரமறிந்தவர் நோயற்ற மாடுகளை முதலில் கறந்து, நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறப்பார். ஒவ்வொரு மாட்டுக்கும் இடையே கையைக் கழுவுவார். மடியைத் துடைக்கும் துணியையும் மாற்றுவார். கரும்பிலும் சில நோய்கள் கரணை வெட்டும் கத்தி வழியாகவே ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் போகின்றன. கறப்பவரின் கையும் வெட்டுபவரின் கத்தியும் நோயைச் சுமக்குமானால், செவிலியரின் கையும் டாக்டரின் கருவியும் சுமக்காவோ? மாட்டுத் தொழுவத்தில் நாம் காட்டும் கவனத்தை மனிதர் படுத்திருக்கும் வார்டிலும் காட்ட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கை கழுவக் கற்றுத்தந்த வரலாறு

ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் 1840-களில் பிரசவ வார்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் டாக்டர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தனர். 1846-ஆம் ஆண்டில் டாக்டர்கள் வார்டில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகள் வார்டிலோ 100-க்கு 3 பேருக்கும் குறைவாகவே இறந்தனர். இதன் காரணத்தை ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்னும் இளம் டாக்டர். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்கச் செல்வதே காரணம் என அவர் கண்டார். 1847-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, வார்டுக்குள் நுழையும் அனைவரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, கோடை மாதங்களில் 2 அளவுக்கு இறங்கிவிட்டது. அவர் பயன்படுத்திய குளோரின் சுண்ணாம்பு, நம் பஞ்சாயத்துகள் குடிநீர்க் கிணற்றிலும் தொட்டியிலும் இடுகிற பிளீச்சிங் பவுடரே என்பதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். ஆயினும், "எங்கள் கையா நோயைத் தருகிறது?" என்று பெரிய டாக்டர்கள் பலர் சினந்தனர். அவர் கூறியது அவர் காலத்தில் முழுமையாக ஏற்கப்படவில்லை.

1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், தூய்மையும் காற்றோட்டமும் ஒழுங்கான கணக்கும் செவிலியர் தொழிலின் அடிப்படை என்று நிலைநாட்டினார். நம் நாட்டுக்கு அண்மையில் பார்த்தால், வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1926-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கென்று சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே இத்தொழிலைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே முறை எதற்கு?

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு மரக்கால், கடைக்கு ஒரு படி இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விற்பவர் படி ஒன்று, வாங்குபவர் படி ஒன்று; நட்டம் உழவருக்கு. 1956-ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டம் இயற்றப்பட்டு, கிலோவும் லிட்டரும் வந்த பிறகே விழுப்புரம் சந்தையிலும் திண்டிவனம் சந்தையிலும் ஒரே அளவு வழங்கலாயிற்று.

செவிலியர் பணியிலும் அத்தகைய நிலையே இருந்தது. ஒருவர் கற்ற பள்ளியில் ஒரு முறை, மற்றொருவர் கற்ற வார்டில் வேறொரு முறை. அவசரத்தில் ஒரு படி விட்டுப்போகும். அது விட்டுப்போனதை எவரும் அறியார். இதற்கு மாற்றாகவே, ஒவ்வொரு பணிக்கும் செய்யவேண்டிய படிகளை வரிசையாக எழுதி, எல்லோரும் அதன்படியே செய்வது என்னும் ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-ஆம் ஆண்டு தொற்றுத் தடுப்புக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காயகல்ப் திட்டம் தூய்மையும் தொற்றுத் தடுப்பும் சிறந்து விளங்கும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மதிப்பெண்ணும் பரிசும் அளிக்கிறது. 2017-ஆம் ஆண்டு வந்த லக்ஷ்யா திட்டம் பிரசவ அறையின் தரத்தை உயர்த்துவதற்கென்றே ஏற்பட்டது.

செவிலியர் கைக்கொள்ளும் முறைகள்

முதலாவது கைச் சுத்தம். உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து வேளைகளைக் குறித்திருக்கிறது. நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு முதலிய சுத்தமான வேலையைத் தொடங்குமுன், இரத்தம், சீழ், சிறுநீர் போன்றவை பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்ட பின். சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் 40 முதல் 60 விநாடியும், சாராயக் கைத்தைலம் தேய்த்தால் 20 முதல் 30 விநாடியும் ஆக வேண்டும். கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் தைலம் போதாது. சோப்பும் நீருமே வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், விரல் நுனி, மணிக்கட்டு எல்லாம் வரிசையாகத் தேய்க்கப்பட வேண்டும். மோதிரமும் வளையலும் பணியின்போது கையில் இருத்தல் கூடாது. கையுறை அணிந்தவர் கை கழுவ வேண்டியதில்லை என்பது தவறு. கையுறையும் ஒருவருக்கு ஒன்றே. அதைக் கழற்றியபின் கை கழுவியே ஆக வேண்டும்.

இரண்டாவது ஊசி. ஒருவருக்கு ஒரு சிரிஞ்சு, ஒரு ஊசி. அதுவும் ஒரு முறையே. தடுப்பூசிக்கு இப்பொழுது பயன்படும் சிரிஞ்சுகள் ஒருமுறை அழுத்தியதும் தாமே பூட்டிக்கொள்பவை. உறையை நம் கண்முன் பிரித்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். போட்ட ஊசிக்கு மீண்டும் மூடி மாட்டும் பழக்கம் செவிலியரையே குத்திக் காயப்படுத்தும், அதுவும் விலக்கப்பட்டது.

மூன்றாவது உடலுக்குள் செலுத்தும் குழாய்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயாயினும், சிறுநீர்க் குழாயாயினும், அது இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஒரு வாயிலாகும். ஆகவே, தேவைப்பட்டாலன்றிப் போடுவதில்லை. தேவை தீர்ந்த அன்றே எடுத்துவிட வேண்டும். குழாய் இருக்கும் வரை அந்த இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என நாள்தோறும் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்பொழுதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படவும் கூடாது. நோயாளியை நகர்த்தும்போது உடனிருப்பவர் அன்பினால் பையை எடுத்து வயிற்றின்மேல் வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அப்பொழுது பையிலுள்ள நீர் திரும்ப உள்ளே பாய்ந்து தொற்றை உண்டாக்குகிறது.

நான்காவது புண்ணும் அறுவைச் சிகிச்சையும். கட்டுப்போடும் கருவிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே நீராவியில் தூய்மை செய்யப்பட வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், துணியில் பொதிந்த கருவிகளுக்கு 30 நிமிடம் என்பது பொதுவான அளவு. வெறும் கொதிநீரில் போட்டெடுப்பது இதற்கு ஈடாகாது. அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் செல்வது நலம். முடியைச் சவரக்கத்தியால் முன்கூட்டியே மழிக்கும் வழக்கத்தை இப்பொழுது வேண்டாம் என்கிறார்கள். கத்தியால் ஏற்படும் நுண்ணிய கீறல்களில் கிருமி குடியேறுவதே காரணம்.

ஐந்தாவது பிரசவம். சுத்தமான கை, சுத்தமான படுக்கை, சுத்தமான கத்தி, கொடியைக் கட்டச் சுத்தமான நூல், எதுவும் பூசாத சுத்தமான தொப்புள் என்பவை தாய்க்கும் சேய்க்கும் உயிர்க்காப்பு. சாம்பல், மஞ்சள், சாணம் என எதையேனும் தொப்புளில் வைக்கும் பழக்கத்தால் எத்தனையோ குழந்தைகளை ரண ஜன்னி கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரிப் பிரசவமும் தடுப்பூசியும் பரவியதால், தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் அந்த ஜன்னி நம் நாட்டில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆறாவது தரையும் குப்பையும். இரத்தம் சிந்திய இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. துணியால் மூடி, ஒரு சதவீதக் குளோரின் கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டு, பின்னர் எடுக்க வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ அந்த வலிமை கிடைக்கும். அன்றன்று கரைத்ததையே பயன்படுத்த வேண்டும்; வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இராது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் நஞ்சும் மஞ்சள் பையிலும், குழாய், கையுறை முதலிய பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், ஊசியும் பிளேடும் குத்த முடியாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் சேர வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சையும் நஞ்சையும் 48 மணி நேரத்துக்கு மேல் அங்கேயே தேக்கி வைக்கக் கூடாது.

கேட்பது தவறா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு முயற்சி நடந்தது. பெரிய இரத்தக் குழாயில் குழாய் செலுத்துகையில் பின்பற்ற வேண்டியவற்றை ஐந்து படிகளாக வகுத்தார்கள். கை கழுவுதல், நோயாளியை முழுத் துணியால் போர்த்தித் தாமும் உடையும் முகமூடியும் அணிதல், தோலைக் குளோரெக்சிடின் கொண்டு தூய்மை செய்தல், கூடுமானவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். இவை யாவும் அதற்குமுன் எல்லோரும் அறிந்தவையே. புதியது ஒன்றுதான்: டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு அளிக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, குழாய் வழி வரும் இரத்தத் தொற்று ஒன்றரை ஆண்டில் 66 சதவீதம் வரை குறைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கேட்க ஒருவர் இருந்தால் முறை நிற்கும். நம் கிராமங்களில் ஆஸ்பத்திரிக்கு வருபவர் டாக்டரிடமோ செவிலியரிடமோ கேள்வி கேட்கத் தயங்குகின்றனர். "அம்மா, கை கழுவிவிட்டீர்களா?" என்று கேட்டால் கோபித்துக்கொண்டு கவனியாமல் விட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு நாங்களும் ஓரளவு காரணமாயிருந்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால், இன்று உங்கள் முன் சொல்கிறோம்: பணிவோடு கேளுங்கள். அது எங்களை அவமதிப்பதாகாது, எங்களுக்கு உதவுவதாகும். கேட்கப்பட்ட செவிலியர் கோபிப்பாராயின், தவறு கேட்டவருடையதன்று.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நெடுஞ்சாலை விபத்துகளில் அடிபட்டோரும், செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர் முதலிய இடங்களிலிருந்து வருவோரும் இவற்றையே நாடுகின்றனர். ஆனால், தொற்றைத் தடுக்கும் வேலை பெரிய ஆஸ்பத்திரியின் வாயிலில் தொடங்குவதில்லை. நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது தொடங்குகிறது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துகளுக்குரிய பொருள்களில் சுகாதாரத்தையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்திருக்கிறது. எனவே, பின்வருபவற்றை உங்கள் கடமையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் தண்ணீர். துணை சுகாதார நிலையத்தின் குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் நீர் வருகிறதா? பிரசவ மேசைக்கு அருகில் கை கழுவும் இடம் உண்டா? சோப்பு இருக்கிறதா? இம்மூன்றையும் பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் மாதம் ஒருமுறை நேரில் பார்த்தால் போதும். நீரில்லாத இடத்தில் நாங்கள் எழுதி மாட்டிய விதிகள் யாவும் வெறும் காகிதமே.

இரண்டாவது, கிராம சுகாதாரக் குழுவை உயிரோடு வைத்திருங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைத்து, குறைகளை எழுதி, கிராம சபையில் படியுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் கூடும் சபையில் சாலைக்கும் விளக்குக்கும் கிடைக்கும் நேரத்தில் கால் பங்கு சுகாதார நிலையத்துக்குக் கிடைக்கட்டும்.

மூன்றாவது, மருத்துவக் கழிவு ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ கொட்டப்படாமல் பாருங்கள். ஊர்க் குப்பையைப் பிரிக்கும் தூய்மைக் காவலரின் கையில் குத்துவது அந்த ஊசியே. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும்படி சொல்லுங்கள்.

நான்காவது, நோயாளியைப் பார்க்கச் செல்லும் வழக்கம். உறவினர் நோயுற்றால் ஊரே வேன் பிடித்துச் சென்று பார்ப்பது நம் பண்பாடு. அதன் பின்னுள்ள அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால், அறுவைச் சிகிச்சையானவர் கட்டிலில் பத்துப்பேர் அமர்வதும், பிறந்த குழந்தையைக் கைக்குக் கை மாற்றுவதும் தொற்றுக்கு வழி. சளி, காய்ச்சல் உள்ளவர் செல்ல வேண்டாம். செல்பவர் ஒருவர் இருவராகச் சென்று, உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் கை கழுவட்டும். 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளியும் சோப்பும் வைத்தோம். அந்த நல்ல பழக்கத்தை நோயோடு சேர்த்து வழியனுப்பிவிட வேண்டாம்.

ஐந்தாவது, வீட்டில் படுத்திருப்போர். 2021-ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் படுத்த படுக்கையாக உள்ளவர்களை அவர்கள் வீட்டிலேயே கவனிக்கும் ஏற்பாடு வந்துள்ளது. ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி இப்பொழுது நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது எனலாம். ஆகவே, குழாய், கட்டு, கைச் சுத்தம் பற்றி இங்கே கூறியவை அனைத்தும் வீட்டுக்கும் பொருந்தும். வாங்கிய மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும், டாக்டர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கடையில் கேட்டு வாங்குவதும் மருந்துக்கு அடங்காத கிருமியை நம் வீட்டிலேயே வளர்ப்பதாகும்.

நண்பர்களே! ஒரு செவிலியர் தன் பணி நேரத்தில் பல முறை கை கழுவ வேண்டியிருக்கிறது. அதை எவரும் பாராட்டுவதில்லை. அது தவறியதையும் எவரும் காண்பதில்லை. வாராமல் போன காய்ச்சலுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரியில்லை. ஆயினும் அந்த உழவரின் மல்லாட்டை மண்ணில் முளைத்ததையும், கறவை மாடு கைமாறியதையும் நாங்கள் மறக்கவில்லை. அந்தத் துன்பம் இன்னொரு குடும்பத்துக்கு வாராதிருக்க, நாங்கள் எங்கள் முறையைத் தவறாது செய்வோம். நீங்கள் தண்ணீரைத் தாருங்கள், கழிவைக் கவனியுங்கள், தயங்காமல் கேளுங்கள். செவிலியரும் பஞ்சாயத்தும் இவ்வாறு இணைந்து பணியாற்றினால், நலம் நாடி ஆஸ்பத்திரிக்குச் சென்றவர் நலத்தோடு வீடு திரும்புவார் என்பதில் ஐயமில்லை.